உடையவர் கற்ற முறை

கல்வியின் பயன் யாது என வினவுவார்க்குப் பலரும் பலவாறு விடை கூறுவர். அறிவு விளக்கம் என்பர் சிலர். ஒழுக்கம் என்பர் சிலர். வயிறு வளர்ப்பதற்கு ஒரு வழி என்பாரும் உளர். இவை ஒருபுறம் நிற்க, கற்றவன் ஒருவன் தான் முன்பின் அறியாத இடத்தில், அறியாத மக்களிடையே, கற்ற காலத்தில் எண்ணியும் பாராத ஒரு தொழிலை மேற்கொள்ள நேருமாயின், அவன் கற்ற கல்வி அவனுக்குத் துணைநிற்குமா என்பது ஒரு பெருவினா. இத்துணையையே இக்காலத்துக் கல்வி வல்லார் புதுநிலைக்கு இயைந்தொழுகும் ஆற்றல் என்பர். அவ்வாற்றல், வாளா இருந்து கேட்கும் மாணாக்கனைக் காட்டிலும், வினாவியும் செய்து பார்த்தும் பிறர்க்கு எடுத்துரைத்தும் முயன்று கற்கும் மாணாக்கனுக்கே மிகுதியும் வாய்க்கும் என்பது அவர் கருத்து.

அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், அறிவியல், பொறியியல், கணிதம் முதலிய துறைகளில் நடைபெற்ற 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்பினர், முயன்று கற்ற வகுப்பினரைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு மிகுதியாகத் தேர்வில் தவறக்கூடும் என்பது அதனாற் போந்த முடிபு. ஆயினும் தேர்வு வேறு, வாழ்க்கை வேறு. தேர்வில் வென்றவன் வாழ்க்கையின் மாற்றங்களையும் தாங்குவான் என்பதற்கு எண்கள் மட்டும் சான்றாகா. ஆதலின் இப்பொருளை ஒரு பெரியாருடைய வாழ்க்கையில் வைத்துக் காண்பது நலம் எனக் கருதினோம். அப்பெரியார், உடையவர் என்றும் எம்பெருமானார் என்றும் வைணவ உலகம் போற்றும் இராமாநுசர் ஆவர்.

நாம் வேறு சமயத்தைச் சார்ந்தேமாயினும், அவர் கற்ற முறை எச்சமயத்து மாணவர்க்கும் பொதுவாம். பன்னிரண்டு வயதுச் சிறுவராய் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர் கூறியவற்றைக் கேட்டும் அவரை வினாவியும் நின்ற நம் ஆண்டவரின் வரலாற்றை அறிந்த நமக்கு, வினாவிக் கற்றல் புதிய செய்தியும் அன்று.

நன்னூலார் வகுத்த அளவு

வரலாறு புகுமுன் நம் இலக்கண நூல் ஒன்றை நினைவு கூர்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், அதன் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடங் கேட்கும் முறையைக் கூறுகின்றது. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் கற்பாரோடு பழகி ஆராய்தலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்குத் தான் எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். அஃதாவது, முக்காற்பங்கு கல்வி மாணாக்கன் தன் முயற்சியால் வருவது. மேனாட்டார் இன்று புதுவது கண்டதாகக் கூறும் முறையினை நம் முன்னோர் கணக்கிட்டே வைத்துள்ளனர்.

பிறிதொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. மாணாக்கரைத் தலை, இடை, கடை என முத்திறப்படுத்தி உவமை கூறும் அந்நூல், சொன்னதையே சொல்லும் கிளியைக் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கவில்லை, இடைமாணாக்கனுக்கே உவமையாக்கிற்று. மனப்பாடம் பழிக்கத்தக்கதன்று, ஆனால் அது போதியதும் அன்று என்பது இதனாற் புலனாம். இராமாநுசர் வாழ்க்கை இவ்விரண்டு கருத்துக்களுக்கும் விளக்கவுரை போல்வது.

பிறப்பும் இளமையும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஶ்ரீபெரும்பூதூரில், ஆசூரி கேசவ சோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் மகனாக இராமாநுசர் பிறந்தார். சித்திரைத் திங்கள் திருவாதிரை அவர் பிறந்த நாள். ஆண்டு 1017 என்பது மரபு. அவர் 1137ஆம் ஆண்டு வரை நூற்றிருபது ஆண்டு வாழ்ந்தார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். பிறப்பினைச் சில பத்தாண்டுகள் பின்னாகக் கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். அவருடைய ஆயிரமாவது ஆண்டு விழா 2017ஆம் ஆண்டிற் பல இடங்களிலும் கொண்டாடப்பெற்றது. ஈண்டு நாம் கூறும் செய்திகள் பெரும்பாலும் அக்குருபரம்பரை நூல்களின் வழிவந்தன என்பதைப் படிப்போர் மனங்கொள்க.

தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி குழந்தைக்கு இளையாழ்வான் என்று பெயரிட்டார். இளமையில் வேதமும் அதன் அங்கங்களும் தந்தையாரிடமே கற்றார். தஞ்சம்மாள் என்னும் பெண்ணை மணந்த சிறிது காலத்திற்குள் தந்தையார் இறந்தனர். பிறந்த ஊரில் மேலும் கற்பதற்கு வழியின்மையால், குடும்பத்தோடு காஞ்சிமாநகரிற் குடியேறினார். ஊரை விடுதல் அவருக்கு அதுவே முதன்முறை. பின்னர்ப் பலமுறை அவ்வாறு விட நேர்ந்தது.

காஞ்சியிற் கற்றது

காஞ்சிக்கு அணித்தாகிய திருப்புட்குழியில் யாதவப் பிரகாசர் என்னும் பேராசிரியர் வேதாந்தம் பயிற்றி வந்தார். அவரிடம் இராமாநுசரும் அவர்தம் சிறிய தாயார் மகனாகிய கோவிந்தரும் பாடங் கேட்டனர். ஒருநாள் ஆசிரியர்க்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த பொழுது, சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவன் கண்ணுக்கு உவமையாக வரும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஆசிரியர் அச்சொல்லைப் பிரித்து, குரங்கின் பின்புறத்தின் செந்நிறத்தைச் சுட்டுவதாகப் பொருள் உரைத்தார். கேட்ட மாணாக்கரின் கண்ணீர் வெந்துளியாய் ஆசிரியர் மேல் வீழ்ந்தது. காரணம் வினவிய ஆசிரியரிடம், அச்சொல்லை நீரைப் பருகுவோனாகிய கதிரவனால் மலர்த்தப்பெற்ற தாமரை எனப் பொருள்படப் பிரித்தலும் இலக்கணத்திற்கு இயையும் என்று இராமாநுசர் பணிவோடு எடுத்துரைத்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் நோக்கற்பாலது யாது? ஆசிரியர் கூற்றை அவர் மறுத்தார் என்பது மட்டும் அன்று. மறுப்பது எவர்க்கும் எளிது. மறுத்தவர், தம் கூற்றுக்குச் சொல்லிலக்கணத்தினின்றே சான்று காட்டினார். பணிவிடை செய்துகொண்டே காட்டினார். கேட்ட பாடத்தை அவர் உள்ளம் கேட்டவாறே ஏற்காமல் நிறுத்துப் பார்த்தது. இத்தகைய ஐயங்கள் மேலும் எழவே, ஆசிரியர் உள்ளம் கசந்தது. காசி யாத்திரை என்னும் பெயரால் அவரை அழைத்துச் சென்று வழியிற் கொல்லச் சூழ்ந்தனர் என்றும், கோவிந்தர் குறிப்பால் உணர்த்தவே அவர் விந்திய மலைக் காட்டில் தப்பினார் என்றும், ஒரு வேடுவர் இணை அவரைக் காஞ்சிக்கு வழிகாட்டிற்று என்றும் வரலாறு கூறும்.

காஞ்சிக்கு மீண்டவர், சாலைக்கிணற்றினின்று நாடோறும் நீர் கொணர்ந்து பேரருளாளப் பெருமாளுக்கு அளித்து வந்தார். அப்பணியை அவருக்கு உரைத்தவர் திருக்கச்சி நம்பி. அவர் பூவிருந்தவல்லியினர்; பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டர்; அந்தணர் அல்லர். வேதம் வல்ல அந்தண இளைஞர் ஒருவர், அந்நாளைய சமூக வழக்கத்தில் தம்மினும் தாழ்ந்தவராகக் கருதப்பட்ட ஒருவரை ஆசிரியராகக் கொள்ள விரும்பினார். நம்பி உண்ட மிச்சிலைத் தாம் உண்ணவும் விழைந்தார். தஞ்சம்மாளோ அந்நாளைய ஆசாரத்தின்படி நம்பி உண்ட இடத்தைத் தூய்மைசெய்து நீராடினார். இருவர் உள்ளமும் இங்கே வேறுபட்டன. அவ்வேறுபாடு வளர்ந்து, பெரிய நம்பியின் மனைவியாரோடு கிணற்றடியில் நீர்க்குடம் பற்றி எழுந்த பூசலோடு முற்றிற்று. இராமாநுசர் துறவு பூண்டார். அவ்வம்மையாரைப் பழிப்பது நம் கருத்தன்று. அவர்க்குக் கற்பிப்பார் ஒருவரும் இலர். வழக்கம் ஒன்றே அவர் கற்ற பாடம். ஒரே இல்லத்தில் ஒருவர் வினாவக் கற்றார், மற்றவர்க்கு வினாவும் உரிமையே வாய்க்கவில்லை என்பதை எண்ணுமிடத்து நம் உள்ளம் இரங்குகின்றது.

ஆசிரியர் ஐவர்

திருவரங்கத்தில் வாழ்ந்த ஆளவந்தார், இராமாநுசரைத் தம் வழித்தோன்றலாகக் கருதி, பெரிய நம்பியை அனுப்பினார். இராமாநுசர் சென்று சேர்வதற்குள் ஆளவந்தார் உயிர் நீத்தார். அவர் கையில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டு, அவர் நிறைவேறாது விட்ட எண்ணங்கள் மூன்று என உணர்ந்து, அவற்றைத் தாம் முடிப்பதாக இராமாநுசர் உறுதி கூறினார் என்பர். அவற்றுள் முதன்மையானது, பிரம்ம சூத்திரத்திற்கு ஓர் உரை இயற்றுதல். பின்னர் மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கோயில் மகிழமரத்தடியில் பெரிய நம்பி அவரை மாணாக்கராக ஏற்றார்.

ஆளவந்தார் தம் பொருளனைத்தையும் ஒருவரிடத்தே வைத்துச் செல்லவில்லை. ஐவர் மாணாக்கரிடம் பகுத்து வைத்திருந்தார். ஆதலின் இராமாநுசர் ஓரிடத்தில் இருந்து கேட்டு முடிக்கக் கூடவில்லை. துறவியர்க்குத் தலைவராய்த் திருவரங்கத்தில் வீற்றிருந்த நிலையிலும், ஒவ்வோர் ஆசிரியரையும் தேடிச் சென்று, அவரவர் இயல்பிற்கேற்ப நடந்து கற்றார்.

திருக்கோட்டியூர் நம்பி எளிதிற் கற்பிப்பவர் அல்லர். பதினெட்டு முறை திருவரங்கத்திலிருந்து நடந்து சென்ற பின்னரே மறைபொருளை உரைத்தார். இவ்விரண்டு ஊர்க்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உளது. போக்கும் வரவும் கூட்டிப் பார்ப்பின், ஒரு பாடத்திற்காக அவர் நடந்த வழி ஏறத்தாழ மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஆகின்றது. இக்காலத்தில் நூலகத்தின் மாடிப்படி ஏறுதற்கு மடிகொள்ளும் நாம் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

பெற்ற பொருளைப் பிறர்க்கு உரைத்தலாகாது என்பது நம்பியின் கட்டளை. இராமாநுசரோ அவ்வூர்க் கோயிலிற் கூடியிருந்தார் அனைவர்க்கும் அதனை உரைத்தார். கோபுரத்தின் மேல் நின்று உரைத்தார் என்பாரும் உளர். கட்டளை கடந்ததற்கு நரகம் வரும் என்று சினந்த ஆசிரியரிடம், பலர் உய்யத் தாம் ஒருவர் நரகு புகுதலைத் தாம் பேறாகவே கருதுவதாக விடை பகர்ந்தார். நம்பி சினம் ஆறி அவரைத் தழுவிக்கொண்டார். எம்பெருமானார் என்னும் பெயர் அன்று வந்தது. நன்னூலார் கூறிய அரைக்கூறு, அதாவது பிறர்க்கு உரைத்தலால் நிரம்பும் கல்வி, இங்கே நிகழ்ந்ததாகக் கொள்ளலாம்.

திருமலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டார். ஆண்டான் கூறிய பொருளோடு அமையாது, சில பாசுரங்கட்கு வேறு பொருளும் உண்டெனத் தாம் கருதியதை உரைத்து வந்தார். ஆண்டான் வெகுண்டு பாடத்தை நிறுத்தினார். திருக்கோட்டியூர் நம்பியே வந்து, இம்மாணாக்கர் கூறும் பொருளை ஆளவந்தாரும் கூறக் கேட்டதுண்டு எனத் தேற்றிப் பாடத்தைத் தொடரச் செய்தார். திருவரங்கப் பெருமாள் அரையரிடமோ வினாவுதற்கே இடமில்லை. ஆறு திங்கள் அவர்க்குப் பால் காய்ச்சியும் மஞ்சட்காப்பு அரைத்தும் தொண்டு செய்தார். ஒருநாள் காப்பு அவர் மனத்துக்கு இயையாமை முகக்குறிப்பாற் கண்டு, மீண்டும் அரைத்துக் கொணர்ந்தார். அதன் பின்னரே அரையர் தம் பொருளை வழங்கினார். தாய்மாமன் பெரிய திருமலை நம்பியிடம் திருமலையடிவாரத்தில் ஓராண்டு தங்கி இராமாயணம் கேட்டார்.

ஒருவரிடம் நடை, ஒருவரிடம் வினா, ஒருவரிடம் கைத்தொண்டு, ஒருவரிடம் பொறுமையான கேள்வி எனக் கற்கும் வகை ஆசிரியர்தோறும் மாறிற்று. பாடத்தின் பொருளோடு, மாறும் நிலைக்குத் தம்மை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் அவர் இவ்வாறு பெற்றார். இக்கட்டுரையில் நாம் கூறவந்த செய்தி இதுவே. இயைந்தொழுகும் ஆற்றலைத் தனியே ஒரு பாடமாக எவரும் அவர்க்குக் கற்பிக்கவில்லை. கற்கும் முயற்சிக்குள்ளேயே அது விளைந்தது.

கூரத்தாழ்வானும் எழுத்தாணியும்

உடன் கற்பாரால் வரும் காற்கூறு எது என்று காண வேண்டின் கூரத்தாழ்வானை நோக்குக. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்திற் செல்வராய் வாழ்ந்த அவர், அனைத்தையும் துறந்து இராமாநுசரை அடைந்தார். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதுமுன், போதாயனர் இயற்றிய பழைய விருத்தியுரையைக் காண விரும்பி, இருவரும் காசுமீரம் சென்றனர் என்பது வரலாறு. அரிதிற் கிட்டிய சுவடியோடு மீளும் வழியில், அங்குள்ள பண்டிதர் சார்பினர் பின்தொடர்ந்து வந்து அதனைப் பறித்துச் சென்றனர். இராமாநுசர் வருந்தி நின்றார். ஆசிரியர் துயிலும் இரவுகளிலெல்லாம் தாம் அந்நூலை ஓதி உள்ளத்திற் பதித்திருப்பதைக் கூரத்தாழ்வான் அப்போது தெரிவித்தார். சுவடி போயிற்று, நூல் போகவில்லை.

மனப்பாடத்தை இகழ்வார் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. எனினும் வரலாறு இங்கே முடியவில்லை. திருவரங்கத்தில் ஶ்ரீபாடியம் எழுதப்பெற்ற காலத்தில், இராமாநுசர் சொல்ல எழுதியவர் அதே கூரத்தாழ்வானே. தாம் கூறுவது தமக்குப் பொருந்தாது எனத் தோன்றுமிடத்து எழுத்தாணியை நிறுத்திவிடுமாறு இராமாநுசர் முன்னரே அவர்க்குக் கூறியிருந்தார். ஓரிடத்தில், உயிரின் இயல்பு அறிவுடைமை என்ற அளவிற் கூறி, அவ்வுயிர் இறைவனுக்கே உரிமையுடையது என்பதைக் கூறாது விடவே, எழுத்தாணி நின்றது. இராமாநுசர் சினந்து, அவரே உரை எழுதிக்கொள்ளட்டும் எனத் தள்ளி எழுந்து சென்றார். கூரத்தாழ்வான் எழுதவும் இல்லை. அவ்விடம் விட்டு அகலவும் இல்லை. பின்னர்த் தனித்திருந்து எண்ணிய இராமாநுசர், மாணாக்கர் கொண்டதே சரியெனத் தெளிந்து, மீண்டு வந்து திருத்தி உரைத்தார்.

நூல் முழுவதையும் நெஞ்சிற் கொண்ட நினைவும், பொருந்தாத இடத்தில் நின்றுவிடும் எழுத்தாணியும் ஒருவரிடத்தே அமைந்தன. நினைவு பொருளைத் தருகின்றது. ஆராய்ச்சி அப்பொருளைத் தன்னுடையதாக்குகின்றது. நினைவு மட்டும் உடையவன் எழுத்தாணியை நிறுத்தியிரான். ஆராய்ச்சி மட்டும் உடையவனிடம் சுவடி போன அன்றே நூலும் போயிருக்கும். மாணாக்கன் தம்மை மறுத்தற்கு இடமளித்த ஆசிரியரின் பெருமையும் இங்கே சிந்திக்கத்தக்கது. முன்னாளில் யாதவப் பிரகாசரிடம் தாம் பெறாத உரிமையை, தாம் ஆசிரியரான போது தம் மாணாக்கர்க்கு அவர் வழங்கினார். அந்த யாதவப் பிரகாசரும் முதுமையில் இராமாநுசர்க்கே மாணாக்கராகிக் கோவிந்த சீயர் எனப் பெயர் பெற்றார் என்று நூல்கள் கூறும்.

நாடு மாறிய காலம்

இனி, இவ்வாறு கற்ற கல்வி இடுக்கண் வந்துழி எங்ஙனம் உதவிற்று என்பதைக் காண்போம். திருவரங்கத்திற் கோயிற் பணிகளையெல்லாம் வகுத்து, இன்னார்க்கு இன்ன தொழில் என முறைசெய்து, இராமாநுசர் சிறந்து விளங்கினார். அவ்வொழுங்குகளைக் கோயிலொழுகு என்னும் நூல் விரித்துக் கூறும். அவ்வேளையில் சோழ மன்னன் ஒருவனால் வைணவர்க்கு இடர் நேர்ந்தது. அம்மன்னன் இன்னான் என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமைப்படவில்லை. அரசவைக்கு வருமாறு ஆள் வந்த பொழுது, கூரத்தாழ்வான் இராமாநுசருடைய காவியையும் முக்கோலையும் தாம் ஏற்று, பெரிய நம்பியோடு சென்றார். அங்கே இருவரும் கண் இழந்தனர். பெரிய நம்பி வழியிலேயே உயிர் துறந்தார். இராமாநுசர் வெண்ணிற ஆடை உடுத்து, சில மாணாக்கரோடு மேற்குத் திசை நோக்கிக் காட்டு வழியே சென்றார். வேடர் தேனும் தினைமாவும் அளித்து உதவினர்.

அவர் சென்று சேர்ந்தது போசள நாடு. அங்கே மொழி கன்னடம். சமண சமயம் மேலோங்கிய நாடு அது. காவியும் இல்லை, மடமும் இல்லை, தாம் வகுத்த கோயில் முறையும் இல்லை. முதுமையும் வந்துவிட்டது. கற்றவற்றை ஒப்பித்தல் மட்டும் கல்வியாயின், அஃது அங்கே ஒரு சிறிதும் பயன்பட்டிராது. இராமாநுசர் தொண்டனூரில் தங்கி, அந்நாட்டு அரசன் பிட்டிதேவனுடைய நட்பைப் பெற்றார். அவனே விட்டுணுவர்த்தனன் எனப் பெயர் கொண்டவன். 1117ஆம் ஆண்டிற் பேலூர்ச் சென்னகேசவர் கோயிலை எடுப்பித்தவன். மேல்கோட்டை என்னும் குன்றின்மீது மறைந்து கிடந்த திருநாராயணர் திருவுருவை வெளிப்படுத்திக் கோயில் அமைத்தார். திருவரங்கத்திற் கண்ட முறைகளை ஆங்குள்ள நிலைக்கு ஏற்பத் திருத்தி நிறுவினார்.

அப்பணியில் அவர்க்குத் துணைநின்றவர், அந்நாளிற் கோயிற் புறத்தே நிறுத்தப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களைத் திருக்குலத்தார் எனச் சிறப்பித்து, ஆண்டில் சில நாள் கோயிலினுள்ளே வந்து வழிபடும் உரிமையை அவர்க்கு அளித்தார். அனைத்து நாளும் அளித்தல் கூடாதா என இன்று நாம் வினவலாம், வினவவும் வேண்டும். ஆயினும் புதிய நாட்டில், அரசன் துணையன்றி வேறு வலிமை இல்லாத ஒரு முதியவர், திருக்கச்சி நம்பியிடம் இளமையிற் கற்ற பாடத்தை அங்கே செயலாக்கினார் என்பதை உணர்தல் வேண்டும். ஏட்டிற் கற்ற பாடமாயின் அது காஞ்சியிலேயே தங்கியிருக்கும். வாழ்ந்து கற்ற பாடமாதலின் அவரோடு போசள நாட்டிற்கும் சென்றது.

பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின் சோழ நாட்டில் இடர் நீங்கிற்று. மேல்கோட்டையில் ஐம்பத்திருவரைத் திருப்பணிக்கு நிறுத்தி, தம் திருவுருவம் ஒன்றையும் அவர்க்காக விட்டுத் திருவரங்கம் மீண்டார். கண்ணிழந்த கூரத்தாழ்வானை அங்கே கண்டு கண்ணீர் உகுத்தார். எஞ்சிய காலத்தைக் கற்பித்தலிற் கழித்து, சமயம் பரப்ப எழுபத்து நால்வரை நியமித்து, ஒன்பது நூல்களைத் தந்து, திருவரங்கத்திலேயே உலக வாழ்வை நீத்தார்.

இன்றைய பெரும்பூதூர்

அவர் பிறந்த ஊரை இன்று காண்பார்க்கு ஆதிகேசவப் பெருமாள் கோயிற் கோபுரத்தோடு ஆலைகளின் நெடுங்கூரைகளும் தோன்றும். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் ரெனோ நிசான் ஆலையும், 2012ஆம் ஆண்டில் டைம்லர் ஆலையும் தொடங்கப்பெற்றன. நம் போன்ற கலாசாலைகளிலிருந்தும் தொழிற்பள்ளிகளிலிருந்தும் வெளியேறும் இளைஞர் பல்லாயிரவர் இப்பெருவழியையே நம்பியுள்ளனர்.

இவ்வாலைகள் என்றும் ஒரு நிலையில் நிற்பன அல்ல. 2006ஆம் ஆண்டில் ஶ்ரீபெரும்பூதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று உற்பத்தியை நிறுத்திற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவருள் சிற்றூர்களினின்று வந்த இளம்பெண்கள் மிகப் பலர். வரி வழக்கும், நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் கைமாறியதும் காரணமாகக் கூறப்பட்டன. தொழிலாளர் பிழை யாதும் இல்லை. ஆதலின் அவர் துயர்க்கு அவர் கற்ற கல்வியே காரணம் எனக் கூறுதல் அறமன்று. ஆயினும் ஒரே செயலை ஒரே இடத்தில் நின்று நாள் முழுதும் செய்யப் பழகியவர், அவ்விடம் இல்லாதொழிந்த அன்று எங்ஙனம் கலங்கியிருப்பர் என்பதை எண்ணுக. பொறிகள் மாறுகின்றன, பொறியாட்கள் மனிதர் கைத்தொழிலை ஏற்கின்றன, நெய்யில் ஓடிய வண்டிகள் மின்னில் ஓடுகின்றன. இன்று கற்ற தொழில் பத்தாண்டில் மாறும். அதனை மீண்டும் கற்கும் வன்மையே அழியாச் செல்வமாம்.

அவ்வன்மையைத் தருதல் கல்விக்கூடங்களின் கடன். தமிழ்நாட்டு அரசு தொடக்கப்பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை 2007ஆம் ஆண்டு முதற்கொண்டு எங்கும் பரவிற்று. சிறுவர்க்கு வேண்டும் என்று கொண்ட அம்முறை, கலாசாலை புகுந்த நமக்கு வேண்டா என்பது எவ்வாறு பொருந்தும்? முன்னை ஆண்டுகளின் வினாத்தாளைத் தொகுத்து, குறிப்பேட்டை உருவேற்றி, தேர்வு முடிந்த மறுநாளே அனைத்தையும் மறக்கும் வழக்கம் மாணவ உலகில் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கத்தால் நாம் பெறுவது நன்னூலார் கூறிய காற்கூறும் நிரம்பாது.

அன்புடைய மாணவ நண்பர்களே! வகுப்பிற் பணிவோடு ஐயம் எழுப்புவோம். எழுப்பும் ஐயத்திற்குச் சான்றும் தேடி வருவோம். உடன் பயில்வாரோடு கூடி ஆராய்வோம். நம் கூற்றுப் பொருந்தாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்தும் நண்பனைப் பகையாக எண்ணாதிருப்போம். நாம் கற்றதை, கற்கும் வாய்ப்பற்ற சிறுவர்க்கும் முதியோர்க்கும் எடுத்துரைப்போம். ஆசிரியர்களும் கூரத்தாழ்வான் போன்ற மாணாக்கர்க்கு இடமளிப்பாராக. இவ்வாறு கற்பின், ஒரகடத்து ஆலையாயினும் கடல் கடந்த நாடாயினும், நாம் சேரும் இடம் நமக்கு அயலிடம் ஆகாது. காவியைக் களைந்து வெள்ளுடை உடுத்துக் காடு கடந்த அம்முதியவர்க்குக் கல்வி துணைநின்றது போல, நமக்கும் அது துணைநிற்குமாறு எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக.